பொதுச் சேவையும் ஐரோப்பியச் சட்டமும்

ஒரு கடிதத்தை நகரத்தின் அடுத்த தெருவிற் சேர்ப்பதற்கும் மலைச்சிற்றூர் ஒன்றிற் சேர்ப்பதற்கும் ஆகுஞ் செலவு ஒன்றன்று. ஆயினும் முத்திரையின் விலை ஒன்றே. முன்னையதிற் பெறும் இலாபமே பின்னையதன் நட்டத்தை ஈடுசெய்கின்றது. தபாற்சேவை அரசின் தனியுரிமையாக நின்றமைக்கு இதுவே நியாயமாகக் கூறப்பட்டது.

1957 ஆம் ஆண்டின் உரோம் உடன்படிக்கை தடையற்ற போட்டியைப் பொதுச் சந்தையின் விதியாக்கிற்று. ஆயின், அதன் 90 ஆம் உறுப்புரை, பொதுநலச் சேவை புரியும் நிறுவனங்களுக்கு அவ்விதி அவற்றின் கடமைக்கு இடையூறாகாத அளவிலேயே பொருந்துமென வரையறுத்தது. அவ்வளவு யாது என்பதே வினா.

பெல்ஜியத்து லியேஜ் நகரிற் கோர்போ என்பார் அனுப்புவோரின் வீடுகளிலே கடிதங்களைப் பெற்று மறுநாள் நண்பகலுக்கு முன் சேர்ப்பித்து வந்தார். தபாற் சட்டத்தை மீறினாரென அவர்மீது குற்றஞ் சாட்டப்பட்டது. 1993 இல் ஐரோப்பிய நீதிமன்று அளித்த தீர்ப்பு இருபாலும் நோக்கிற்று. இலாபந்தரும் பகுதியை மட்டும் பிறர் கவராது தடுத்தல் தகும். ஆயின், வேறுபிரிக்கத்தக்க தனிச்சேவையொன்று பொதுச்சேவையின் நிதிநிலையைக் குலைக்காதவிடத்து அதனைத் தடுத்தல் தகாது என்பதே அதன் சாரம்.

1997 ஆம் ஆண்டுப் பணிப்புரை வாரத்தில் ஐந்து வேலைநாட்களேனும் கடிதம் சேர்ப்பிக்க வேண்டுமென விதித்தது. 2008 ஆம் ஆண்டுப் பணிப்புரை தனியுரிமையை நீக்கிற்று, கடமையை நீக்கவில்லை. தனியுரிமை போனபின் மலைச்சிற்றூருக்குரிய செலவை யார் பொறுப்பது? போட்டியின் நன்மையை எடுத்துரைப்போர் இவ்வினாவுக்கு விடை கூறக் கடமைப்பட்டவராவர்.