ஸ்போர்ட் டூரிங் பைக்குக்கான டயர்

ஸ்போர்ட் டூரிங் பைக் என்பது மலைப்பாதை வளைவுகளில் வேகமாகச் சாய்ந்து திரும்பக் கூடியது. அதே சமயம் இரண்டு பக்கமும் பெட்டி மாட்டி, பின் சீட்டில் ஒருவரை ஏற்றி, நாள் முழுக்க நெடுஞ்சாலையில் ஓடக் கூடியது. பிஎம்டபிள்யூவின் ஆர்100ஆர்எஸ் (1976), ஹோண்டாவின் எஸ்டி1100 (1990), யமஹாவின் எஃப்ஜேஆர்1300 (2001) ஆகியவை இந்த வகையின் அறியப்பட்ட மாடல்கள். பிஎம்டபிள்யூ ஆர்1250ஆர்டி, கவாசாகி நிஞ்சா 1000எஸ்எக்ஸ், யமஹா டிரேசர் 9 ஜிடி எல்லாம் பின்னால் வந்தவை. இன்ஜினும் சஸ்பென்ஷனும் இரண்டு வேலைக்கும் ஓரளவு ஒத்துப்போகும். மல்லுக்கட்டு டயரில்தான். நேர் சாலையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தேயாமல் ஓட ரப்பர் கெட்டியாக இருக்க வேண்டும். ஈரமான வளைவில் சாய்த்துத் திருப்ப அது மென்மையாக இருக்க வேண்டும். இந்த வகை டயரின் வரலாறே அந்த இரண்டையும் ஒரே ரிம்மில் ஏற்றப் பார்த்த வரலாறுதான்.

நடுவும் ஓரமும்

பைக் நேராக ஓடும்போது டயரின் நடுப்பட்டை மட்டுமே தரையைத் தொடும். சாய்ந்தால் தொடும் இடம் ஓரத்துக்கு நகரும். ஆகவே நடுவில் கெட்டி ரப்பரும் ஓரங்களில் மென்மையான ரப்பரும் வைக்கலாமே என்ற யோசனை இயல்பாக எழுந்தது. பந்தய டயர்களிலிருந்து இது தெருவுக்கு வந்தது. மிஷ்லின் நிறுவனம் 2007-ல் வெளியிட்ட பைலட் ரோடு 2, இரட்டை ரப்பரை டூரிங் டயருக்குக் கொண்டுவந்தது. இன்று பெரிய நிறுவனங்களின் டயர்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் போகின்றன. கான்டினென்டல் மட்டும் வேறு பாதை எடுத்தது: ஒரே ரப்பர் கலவைதான், ஆனால் வேகவைக்கும் வெப்பத்தை நடுவிலும் ஓரத்திலும் வேறுபடுத்தி, தன்மை படிப்படியாக மாறும்படி செய்கிறது. இரண்டு ரப்பர் சேரும் கோடு என்று ஒன்று அதில் கிடையாது.

ஈரச் சாலைப் பிடிமானம் கூடியதற்கு சிலிக்காவுக்கும் பங்கு உண்டு. கார்பன் தூள் மட்டும் கலந்த பழைய ரப்பரைவிட, சிலிக்கா கலந்த ரப்பர் குளிரிலும் மழையிலும் நன்றாகப் பிடிக்கும். பள்ளங்களின் வடிவமும் மாறியிருக்கிறது. 2011-ல் வந்த பைலட் ரோடு 3, கத்தியால் கீறியதுபோன்ற மெல்லிய பிளவுகளைத் தாங்கி வந்தது. தரையிலுள்ள நீர்ப்படலத்தை அவை உறிஞ்சி ஒதுக்கும். அதே வரிசையில் 2018-ல் வந்த ரோடு 5-ல் அந்தப் பிளவுகள் டயர் தேயத் தேய அகலமாகும்படி செய்யப்பட்டன. அப்படி உட்பக்கம் விரியும் பிளவை வார்க்க, அச்சின் சில பாகங்களை உலோக முப்பரிமாண அச்சு முறையில் தயாரிக்க வேண்டியிருந்தது. புது டயர் மழையில் பிடிப்பது பெரிய காரியமல்ல. பாதி தேய்ந்த டயர் பிடிக்கிறதா என்பதே வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி. கடை விளம்பரத்தில் அது அரிதாகவே வரும்.

சைடுவாலில் உள்ள எழுத்து

இந்த வகை பைக்குகளில் முன் டயர் பெரும்பாலும் 120/70 இசட்ஆர்17. பின் டயர் 180/55 இசட்ஆர்17 அல்லது 190/50 இசட்ஆர்17. ஹோண்டா எஸ்டி1300 போன்ற சிலவற்றில் முன் ரிம் 18 அங்குலம், பின் டயர் 170/60. முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. ஆர் என்றால் ரேடியல். கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அதை அடுத்து 58டபிள்யூ, 73டபிள்யூ என்று சுமை எண்ணும் வேக எழுத்தும் வரும். 58 என்றால் அந்த டயர் 236 கிலோ தாங்கும். 73 என்றால் 365 கிலோ. வேக எழுத்தில் எச் 210, வி 240, டபிள்யூ 270 கிலோமீட்டர் வேகத்தைக் குறிக்கும். டபிள்யூவை அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தால் 270-க்கும் மேல்.

நம் ஊர்ச் சாலையில் நூற்றிருபதைத் தாண்டாதவருக்கு 270-க்கான டயர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அந்த எழுத்து வேகத்துக்கான அனுமதிச் சீட்டு மட்டுமல்ல. சூட்டைத் தாங்கும் கட்டமைப்புக்கான சான்றும்கூட. பைக்குக்குக் குறிப்பிட்ட எழுத்துக்கும் எண்ணுக்கும் கீழே இறங்கக் கூடாது. மேலே போனால் தவறில்லை.

அளவை மாற்றிப் பார்க்கும் ஆசையும் அடிக்கடி எழும். 190/50 இருந்த இடத்தில் 190/55 போட்டால், சைடுவால் உயரம் 95 மில்லிமீட்டரிலிருந்து 104.5 ஆகும். பின்பக்கம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயர, பைக் வளைவுக்குள் சட்டென்று விழும். சிலருக்கு இது பிடித்துப்போகிறது. ஆனால் சக்கரத்தின் சுற்றளவு சுமார் மூன்று விழுக்காடு கூடும். பின் சக்கரத்தையோ கியர்பாக்ஸையோ நம்பி வேகம் காட்டும் மீட்டர் குறைத்துக் காட்டும். முன், பின் சக்கர வேகங்களை ஒப்பிட்டே இயங்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலுக்கும் கணக்குச் சற்றுப் பிசகும். டயர் புதிதாக இருக்கும்போது சங்கிலிக்கும் ஃபெண்டருக்கும் இடைவெளி போதுமா என்பதையும் பார்க்க வேண்டும். கம்பெனி அளவை விட்டு விலக வலுவான காரணம் இல்லையென்றால் விலகாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

எடையும் ஜிடி டயரும்

ஆர்1250ஆர்டியின் எடை பெட்ரோலுடன் 279 கிலோ. ஆளும் சாமானும் சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 505 கிலோ. இருவர் ஏறி, பெட்டிகளை நிரப்பினால் அந்த எல்லை வெகுதூரத்தில் இல்லை. கூடிய எடை பெரும்பாலும் பின் டயர்மேல்தான் உட்காரும். இப்படிப்பட்ட கனமான வண்டிகளுக்காகவே பல நிறுவனங்கள் ஜிடி என்ற பெயரில் தனி வகை செய்கின்றன. மிஷ்லின் ரோடு, பிரிட்ஜ்ஸ்டோன் டி32 போன்ற வரிசைகளில் இவை உண்டு. பிரெல்லியோ தன் கனரக வகையை ஏ என்ற எழுத்தால் குறிக்கிறது.

இங்கே வாங்குபவர் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று. சாதாரண வகைக்கும் ஜிடி வகைக்கும் சைடுவாலில் அதே அளவும் அதே 73டபிள்யூவும் இருக்கலாம். எண்ணைப் பார்த்து வித்தியாசம் தெரியாது. உள்ளே இருக்கும் கூட்டின் அடுக்கமைப்பும் விறைப்பும்தான் வேறு. கனமான பைக்கில் சாதாரண டயர் போட்டால், முழுச் சுமையோடு வளைவில் போகும்போது பின்பக்கம் நெளிவது போலிருக்கும். லேசான டிரேசரில் ஜிடி போட்டாலும் லாபமில்லை: குண்டுகுழியில் தூக்கிப்போடும், சூடேறத் தாமதிக்கும். இதேபோல், புது பைக்கோடு வரும் டயரும் கடையில் அதே பெயரில் கிடைக்கும் டயரும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பைக் நிறுவனம் கேட்ட மாற்றங்களோடு செய்த டயரில் பெயருக்குப் பின் கூடுதலாக ஓர் எழுத்து இருக்கும்.

தேய்மானம்

ஸ்போர்ட் டூரிங் பின் டயர் ஒன்று ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் ஓடினால் பழுதில்லை. நிதானமாக ஓட்டுபவரிடம் 15,000 தொடும், முறுக்குபவரிடம் பாதியில் முடியும். நெடுஞ்சாலையில் மட்டும் ஓடிய டயர் நடுவில் தட்டையாகி, இரு பக்கமும் விளிம்பு கட்டிவிடும். நேராகப் போகும்வரை ஒன்றும் தெரியாது. வளைவில் சாய்க்கும்போது அந்த விளிம்பின்மேல் ஏற பைக் தயங்கும். ஏறியதும் தடாலென்று விழும். பள்ளத்தில் இன்னும் ஆழம் இருந்தாலும், இந்த நிலைக்கு வந்த டயரின் வேலை முடிந்தது.

முன் டயரின் கதை வேறு. பிரேக்கின் பெரும் பாரம் அதன்மேல் விழுவதால், பள்ளங்களுக்கு இடையிலுள்ள ரப்பர் கட்டைகளின் ஒரு முனை மட்டும் தேய்ந்து, கையால் தடவினால் ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம்போலவும் இருக்கும். காற்று குறைவாக ஓட்டினால் இது சீக்கிரம் வரும். இடப்பக்கம் ஓட்டும் பிரிட்டனில் டயரின் வலப்பக்கம் பெரும்பாலும் கூடுதலாகத் தேயும். வலப்பக்கம் ஓட்டும் அமெரிக்காவில் இடப்பக்கம். சாலையின் நடுப்பகுதியைத் தாண்டி வெளிவட்டத்தில் திரும்பும் வளைவு நீளமானது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. குறைந்தபட்ச ஆழம் பிரிட்டனில் 1 மில்லிமீட்டர், ஜெர்மனியில் 1.6. சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக மழைக்காலத்தில் 1 மில்லிமீட்டர்வரை இழுப்பது அறிவுடைமை அல்ல.

தயாரித்த நாளை சைடுவாலில் நான்கு இலக்கமாகப் பார்க்கலாம். 2323 என்றால் 2023-ன் 23-வது வாரம். ஐந்து ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்றும், தேயாவிட்டாலும் பத்து ஆண்டில் கழற்றிவிட வேண்டும் என்றும் மிஷ்லின் சொல்கிறது. தள்ளுபடி விலையில் கிடைக்கும் டயரில் முதலில் பார்க்க வேண்டியது இந்த நான்கு இலக்கத்தைத்தான்.

காற்று

எந்த டயரை வாங்கினாலும் காற்று சரியில்லையென்றால் போட்ட காசு வீண். இந்த வகையில் பல பைக்குகளுக்கு முன்னே 36 பிஎஸ்ஐ, பின்னே 42 பிஎஸ்ஐ. ஆர்1250ஆர்டிக்கும் நிஞ்சா 1000எஸ்எக்ஸுக்கும் அதுவே. சைடுவாலில் அச்சிட்டிருக்கும் 42 பிஎஸ்ஐ, அதிகபட்சச் சுமையைத் தாங்க வேண்டிய அளவு. ஓட்டவேண்டிய அளவு அல்ல. ஓட்டவேண்டிய அளவு பைக்கின் கையேட்டிலும் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் இருக்கும். பின் டயரில் இரண்டும் ஒன்றாக வருவதால் பலர் முன் டயரிலும் 42 அடித்துவிடுகிறார்கள்.

ஓடாமல் குளிர்ந்த நிலையில்தான் அளக்க வேண்டும். வெப்பம் ஐந்தரை டிகிரி செல்சியஸ் ஏறினால் சுமார் 1 பிஎஸ்ஐ ஏறும். நண்பகலில் நூறு கிலோமீட்டர் ஓடி, பெட்ரோல் பங்கில் நிறுத்தி, மீட்டர் 46 காட்டுகிறது என்று காற்றை இறக்கினால், மறுநாள் காலையில் டயர் குறைவாக இருக்கும். பிஎம்டபிள்யூ பைக்குகளின் திரையில் தெரியும் அழுத்தம் 20 டிகிரி வெப்பத்துக்குக் கணக்கிட்டுக் காட்டப்படுவது. பங்க் மீட்டரோடு அது ஒத்துவராதது கண்டு சென்சார் கெட்டுவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலும் இரண்டும் சரியாகத்தான் இருக்கும்.

தேர்வும் மாட்டுதலும்

மிஷ்லின் ரோடு 6 (2022), மெட்ஸலர் ரோட்டெக் 01, பிரெல்லி ஏஞ்சல் ஜிடி 2 (2019), டன்லப் ரோட்ஸ்மார்ட் 4, கான்டினென்டல் ரோடுஅட்டாக் 4, பிரிட்ஜ்ஸ்டோன் டி32 (2021) ஆகியவற்றுக்கிடையே உள்ள இடைவெளி, வாங்குபவர் நினைப்பதைவிடக் குறைவு. மழை அதிகம் பார்ப்பவரும், சாமானோடு நீண்ட தூரம் ஓடுபவரும், ஞாயிறு காலை மலையேறுபவரும் ஒரே டயரை வாங்க வேண்டிய அவசியமில்லை, அவ்வளவுதான். இந்தியச் சந்தையில் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட டிவிஎஸ் ஸ்ரீசக்ரா, யூரோகிரிப் என்ற பெயரில் ரோடுஹவுண்ட் என்ற ஸ்போர்ட் டூரிங் ரேடியலைத் தருகிறது. பூஜ்ஜியக் கோணத்தில் எஃகுப் பட்டை சுற்றிய இந்த டயரின் உருவாக்கத்தில் இத்தாலியின் மிலான் நகரிலுள்ள வடிவமைப்பு மையத்துக்குப் பங்குண்டு.

முன், பின் இரண்டையும் ஒரே மாடலாக மாட்டுவது நல்லது. பின் டயர் மட்டும் தேய்ந்திருந்தால் அதே மாடலில் பின்னதை மாற்றலாம். வேறு கம்பெனி, வேறு குணம் கலந்தால் வளைவில் முன்னும் பின்னும் ஒன்றுக்கொன்று இழுபடும். அமெரிக்க நெடுந்தூர ஓட்டிகள் சிலர் பின்னால் கார் டயரே மாட்டிக்கொள்கிறார்கள். 11 நாளில் சுமார் 11,000 மைல் ஓடப்படும் அயர்ன் பட் ராலி போன்ற போட்டிகளை நினைத்தால் ஆசை புரிகிறது. ஒரு பின் டயர் அந்தத் தூரத்தைத் தாண்டுவது கடினம். ஆனால் கார் டயரின் தட்டை முகம் சாய்ந்து திரும்புவதற்கானது அல்ல. டயர் நிறுவனங்கள் இதை ஏற்பதில்லை.

சைடுவாலில் உள்ள அம்பு சுழலும் திசையைக் காட்டும். மாட்டியதும் அதையும் பேலன்ஸையும் பார்க்க வேண்டும். அச்சிலிருந்து வந்த புது டயரின் மேற்பரப்பு வழுக்கும். முதல் 160 கிலோமீட்டர்வரை சாய்மானத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, முறுக்கையும் பிரேக்கையும் அடக்கி ஓட்டினால் ஓரங்களும் தரையைத் தொட்டு அந்தப் பளபளப்பு போய்விடும்.