காரைக்கால் அம்மையாரும் கயிலைத் திருமலையும்

காரைக்காலுக்குத் தெற்கே, கடலை ஒட்டி அமைந்த திருமலைராயன்பட்டினத்தில் மலை எதுவும் இல்லை. வயலும் வாய்க்காலும் கடற்கரை மணலுமே அவ்வூரின் நிலம். பெயரிலுள்ள மலையும், 15ஆம் நூற்றாண்டில் விசயநகரப் பேரரசின் கீழ் இப்பகுதியை ஆண்ட திருமலைராயனின் பெயரால் வந்ததேயாகும். இங்கு வாழ்வோரின் புனித நாள் கடலைச் சார்ந்தது. மாசி மகத்தன்று திருக்கண்ணபுரத்துச் சௌரிராசப் பெருமாள் இக்கடற்கரைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி காண்கிறார். மீனவ மக்கள் அவரை மாப்பிள்ளை என்று உறவு சொல்லி வரவேற்பர்.

எனினும், தமிழகம் மறவாத மலைப் பயணம் ஒன்று இக்கடற்கரையிலிருந்துதான் புறப்பட்டது. காரைக்கால் வணிகர் குலத்துப் புனிதவதியாரின் மாங்கனி வரலாற்றை அறியாதார் இலர். கணவன் பரமதத்தன் தம்மைத் தெய்வமெனக் கருதி அடிவணங்கிய பின், அவர் உடலழகை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றார். பின்னர்க் கயிலையை நோக்கி வடதிசை சென்றார். இறைவன் உறையும் மலையைக் காலால் மிதித்தல் தகாது எனக் கருதித் தலையால் நடந்து ஏறினார் என்று 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடியுள்ளார். அங்கே இறைவன் அவரைத் தாயென அழைத்தான். அம்மையார் கேட்டது பொன்னுமன்று, போகமுமன்று, பிறவாமை. ஆயினும் அம்மலையிலேயே அவர் தங்கிவிடவில்லை. தமிழகத்துத் திருவாலங்காட்டிற்குத் திரும்ப அனுப்பப்பட்டார். மலையேறியவர் மீண்டும் ஊருக்குள் வந்தாக வேண்டும் என்பதே இவ்வரலாற்றில் பலரும் கடந்து செல்லும் பகுதி.

அவர் தலையால் நடந்த தலமென்று திருவாலங்காட்டினுள் அடிவைக்கத் திருஞானசம்பந்தரும் தயங்கினார் எனப் பெரியபுராணம் கூறுகிறது. சமணரோடு வாதிட்டவர் என்று நாம் அறிந்த அதே சம்பந்தர்தாம் அவர்.

அம்மையார் ஏறிய கயிலை நமக்கும் அயலானதன்று. அட்டாபதம் என நம் நூல்கள் போற்றும் அம்மலையில்தான் ஆதிநாதர் வீடுபேறு எய்தினார். சைவர்கள் கண்விழித்து வழிபடும் மாசித் தேய்பிறைச் சதுர்த்தசி இரவே ஆதிபகவன் முக்தியடைந்த நாளாகத் தமிழ்ச் சமணரால் போற்றப்படுவதை மயிலை சீனி. வேங்கடசாமி தம் ‘சமணமும் தமிழும்’ நூலில் எடுத்துரைத்துள்ளார். மலையும் ஒன்று, இரவும் ஒன்று. கருத்து மட்டும் வேறு. சைவருக்குக் கயிலை இறைவன் வீற்றிருக்கும் இடம். நமக்கோ அது பகவான் உடலை நீத்துச் சென்ற இடம். அங்கு யாரும் வீற்றிருக்கவில்லை. ஆகவேதான் பொன்னூர் மலையில் குந்தகுந்தாசாரியரின் திருவடியையும், 20 தீர்த்தங்கரர் முக்தியடைந்த சம்மேத சிகரத்தில் அவர்தம் திருவடிகளையும் வணங்குகிறோம்.

அம்மையார் தம் அடி மலைமேல் படலாகாது என்று அஞ்சினார். நாம் மலைமேல் படிந்த அடியைத் தொழுகிறோம். இரண்டிலும் ஏறுவோரின் கால் அடங்கியே நடக்கிறது. 6,638 மீட்டர் உயரமுள்ள கயிலையின் உச்சியில் இன்றுவரை எவரும் ஏறியதாகச் சான்றில்லை. அடியார்கள் ஏறத்தாழ 52 கிலோமீட்டர் வலம் வந்து திரும்புகின்றனர். சம்மேத சிகரத்தில் ஏறி இறங்கி வலம் வரும் வழி 27 கிலோமீட்டர். பலர் வெறுங்காலுடன், உணவு கொள்ளாமல் அதனை முடிப்பர். அம்மலை சுற்றுலாத் தலமாகிவிடுமோ என்று நாடெங்கும் சமணர்கள் வீதிக்கு வந்தபின், 2023 சனவரியில் நடுவண் அரசு அங்குச் சுற்றுலாப் பணிகளை நிறுத்தி வைத்தது. வேடிக்கை பார்க்க ஏறும் காலுக்கும் வழிபட ஏறும் காலுக்கும் உள்ள வேறுபாட்டை அரசுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. காரைக்கால் வணிகர் வீட்டுப் பெண்ணுக்கு அதனை யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

எல்லோராலும் மலையேற இயலாது. போளூரை அடுத்த திருமலையில், குந்தவை சினாலயத்திற்கு நந்தா விளக்கும் திருவமுதும் அமையக் கொடையளித்தவர் மல்லியூர் வணிகர் நன்னப்பயரின் மனைவி சாமுண்டப்பை. முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு அவர் பெயரைக் காத்து வருகிறது. அவரும் ஒரு வணிகர் மனைவியே. உருமாறித் தலையால் நடக்கவில்லை; எண்ணெய்க்குப் பொருள் வைத்தார்.

மலையே இல்லாத கடைமடை நாட்டிலும் முன்னோர் வழி கண்டனர். திருமலைராயன்பட்டினத்திற்கு மேற்கே, நன்செய் வயல்களின் நடுவே தீபங்குடியில் தீபநாயகராக அமர்ந்திருப்பவர் அட்டாபதத்தில் முக்தியடைந்த ஆதிநாதரே. மன்னார்குடியில் மூலவராக விளங்கும் மல்லிநாதரோ சம்மேத சிகரத்தில் வீடுபெற்றவர். திருவாரூர்ப் பேருந்தில் சென்றாலே இவ்விரண்டு ஊர்களையும் ஒரே நாளில் வழிபட்டுத் திரும்பலாம்.