ஒரு தேர்தல், இரண்டு மனிதர்கள்

அமெரிக்க ஜனாதிபதிகளின் வாழ்க்கை வரலாறுகளைப் படிக்கும்போது எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பதவி ஏற்றது முதல் பதவியை விட்டது வரையுள்ள அத்தியாயங்களை வேகமாகத் தள்ளிவிடுவேன். சுங்கவரி விவகாரமும் செனட் சபைச் சண்டையும் சரித்திர மாணவர்களுக்கு உரியவை. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு வேண்டியது வேறு. அந்த மனிதர் வெள்ளை மாளிகைக்குள் நுழைவதற்கு முன் எப்படி இருந்தார், வெளியே வந்த பிறகு என்ன ஆனார் என்பதுதான் எனக்கு முக்கியம். நுழைய முயன்று தோற்ற அபேட்சகர்களின் கதைகளோ இன்னும் ருசியானவை.

1872-ஆம் வருஷத்துத் தேர்தலை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் யுலிஸிஸ் கிராண்ட், உள்நாட்டுப் போரில் வடபகுதிக்கு வெற்றி தேடித் தந்த தளபதி, அப்போது ஜனாதிபதி. எதிரே நின்றவர் ஹொரேஸ் கிரீலி என்ற பத்திரிகாசிரியர்.

கிரீலி, கடனில் மூழ்கிய ஒரு குடியானவரின் மகன். பதினைந்து வயதில் அச்சுக் கோக்கப் போனவர். 1831-இல் சொற்பப் பணத்தோடு நியூயார்க் வந்து சேர்ந்தார். பத்தே வருஷத்தில் 'நியூயார்க் டிரிப்யூன்' பத்திரிகையைத் தொடங்கிவிட்டார். இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சியைப் பற்றி 1853-இல் கார்ல் மார்க்ஸ் எழுதிய கட்டுரைகள் வெளியானது இந்தப் பத்திரிகையில்தான். அடிமை முறையைக் கிரீலி விடாமல் தாக்கினார். மதுவைத் தாக்கினார். சில காலம் மாமிசத்தைக்கூட விட்டுப் பார்த்தார். இத்தனைக்கும் பிறகு, போர் முடிந்ததும், தோற்ற தென்பகுதியின் தலைவர் ஜெபர்ஸன் டேவிஸை விசாரணையில்லாமல் சிறையில் வைத்திருப்பது நியாயமல்ல என்று 1867-இல் ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்! ஆயிரக்கணக்கான சந்தாதாரர்கள் பத்திரிகையை நிறுத்திவிட்டார்கள். பத்திரிகைத் தொழில் தெரிந்தவர்களுக்குத்தான் அந்தக் கையெழுத்தின் விலை புரியும்.

அந்த மனிதர் தேர்தலில் நின்றிருக்கவே கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. கிராண்டின் ஆட்சியில் லஞ்சம் மலிந்துவிட்டது என்று குடியரசுக் கட்சியிலிருந்து பிரிந்தவர்கள் அவரை நிறுத்தினார்கள். அவர் ஆயுள் முழுவதும் திட்டித் தீர்த்த ஜனநாயகக் கட்சியாரும், வேறு வழியின்றி, அவரையே ஏற்றுக்கொண்டார்கள். கேலிச்சித்திரக்காரர் தாமஸ் நாஸ்ட் வாரந்தோறும் அவரை உரித்தெடுத்தார். தாம் போட்டியிடுவது ஜனாதிபதி பதவிக்கா, சிறைச்சாலைக்கா என்பதே தெரியவில்லை என்று கிரீலி நொந்துகொண்டார். தேர்தலுக்கு ஆறு நாள் முன்னால், அக்டோபர் 30-ஆம் தேதி, நெடுநாள் நோயாளியான மனைவி இறந்தாள். நவம்பர் 5-ஆம் தேதி தேர்தல். ஆறு ராஜ்யங்களில் மட்டுமே ஜெயித்தார். தம் பத்திரிகை ஆபீசுக்குத் திரும்பினார். அங்கே அதிகாரம் வேறு கைக்குப் போயிருந்தது. புத்தி கலங்கி, நவம்பர் 29-ஆம் தேதி கண்ணை மூடினார்.

தேர்வாளர்கள் முறைப்படி ஓட்டளிப்பதற்குள் அபேட்சகரே இல்லை. அவருக்கு ஓட்டளிக்க வேண்டியவர்கள் வேறு பலருக்கு அளித்தார்கள். ஜார்ஜியாவைச் சேர்ந்த மூன்று பேர் மட்டும் செத்தவருக்கே போட்டார்கள். காங்கிரஸ் சபை அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. சவ அடக்கத்துக்கு கிராண்ட் நேரில் வந்தார்.

வந்தவருடைய கதையைப் பாருங்கள். போருக்கு முன் அவர் தொட்டதெல்லாம் நஷ்டம். செயின்ட் லூயிஸ் தெருக்களில் விறகு விற்றார். 1857-இல் கிறிஸ்துமஸ் சமயத்தில் கடிகாரத்தை 22 டாலருக்கு அடகு வைத்தார். ஜனாதிபதி பதவி முடிந்ததும் உலகம் சுற்றினார். 1879-இல் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும்கூட வந்து போனார். 1884 மே மாதம், மகன் கூட்டாளியாக இருந்த பங்கு வியாபாரக் கம்பெனி, வார்டு என்பவனின் மோசடியால் கவிழ்ந்தது. கிராண்டின் சொத்தெல்லாம் அதில் இருந்தது. கடன்பட்ட ஒன்றரை லட்சம் டாலருக்கு ஈடாகத் தம் வாள்களையும் பதக்கங்களையும் வாண்டர்பில்ட்டிடம் ஒப்படைத்தார். அந்த நாட்டில் முன்னாள் ஜனாதிபதிகளுக்குப் பென்ஷன் வந்தது 1958-இல்தான்.

வயிற்றுப்பாட்டுக்காக 'செஞ்சுரி' பத்திரிகைக்குப் போர்க் கட்டுரை எழுத ஒப்புக்கொண்டார். முதல் கட்டுரை சர்க்கார் அறிக்கை போல வறண்டிருந்தது. பத்திரிகையிலிருந்து ஒருவர் நேரில் வந்து பேச்சுக் கொடுத்து, இப்படி வாயால் சொல்வதை அப்படியே எழுதலாமே என்று வழி காட்டினார். தளபதி தட்டாமல் கேட்டுக்கொண்டு திருப்பி எழுதினார். எழுதத் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பணிவு இருக்கிறது?

அதற்குள் தொண்டையில் புற்றுநோய் வந்துவிட்டது. ஆயுளெல்லாம் பிடித்த சுருட்டின் பலன். சுயசரிதையை வெளியிட மார்க் ட்வெயின் முன்வந்து, லாபத்தில் 100-க்கு 70 தருவதாகச் சொன்னார். தண்ணீர் விழுங்குவதே நெருப்பை விழுங்குவது போலிருந்த நாட்களில் கிராண்ட் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். குரல் போனதும் பென்சிலால் எழுதினார். எழுதி முடித்த சில நாட்களில், 1885 ஜூலை 23-ஆம் தேதி, இறந்தார். மனைவி ஜூலியாவுக்கு அந்தப் புத்தகம் ஏறக்குறைய நாலரை லட்சம் டாலர் தேடித் தந்தது. வெளியிட்ட மார்க் ட்வெயினின் கம்பெனி 1894-இல் திவாலானது தனிக் கதை.

இரண்டு பாகங்களையும் புரட்டிப் பார்த்தேன். தோல் பதனிடுகிறவரின் பிள்ளையாகப் பிறந்தது இருக்கிறது. ராணுவப் படிப்பு, மெக்ஸிகோ யுத்தம், உள்நாட்டுப் போர் எல்லாம் விரிவாக இருக்கின்றன. போர் முடிந்ததும் கதையும் நின்றுவிடுகிறது. ஜனாதிபதியாக இருந்த எட்டு வருஷங்களை, நான் தள்ளிவிட்டுப் போகும் அதே அத்தியாயங்களை, அவர் எழுதவே இல்லை.