கில்கிறிஸ்டெல்லா

கில்கிறிஸ்டெல்லா எஸ்டுவாரியா என்பது தென்னாப்பிரிக்கக் கழிமுகங்களில் வாழும் ஒரு சிறிய எர்ரிங் வகை மீன் ஆகும். நம் நாட்டுச் சாளை, சூடை மீன்களுக்கு இது தொலைவான உறவினம். கழிமுகங்களில் காணப்படும் மீன்களுள் பல கடலில் பிறந்து, வளர்வதற்காக மட்டும் அங்கு வருபவை. இம்மீனோ முட்டை முதல் முதுமை வரை தன் வாழ்நாள் முழுவதையும் கழிமுகத்திலேயே கழிக்கிறது.

பெயரும் வகைப்பாடும்

இவ்வினத்தை 1913-ஆம் ஆண்டில் ஜான் கில்கிறிஸ்ட் என்னும் மீனியல் அறிஞர் விவரித்தார். 1935-இல் ஹென்றி ஃபவுலர் அவர் நினைவாக இப்பேரினத்துக்குப் பெயரிட்டார். இப்பேரினத்தில் இந்த ஓர் இனமே உள்ளது. முன்னர் குளுப்பெயிடே குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த இது, மரபணு ஆய்வுகளின் அடிப்படையில் தற்போது எகிராவிடே குடும்பத்தில் சேர்க்கப்படுகிறது. இக்குடும்பத்துக்குப் பெயர் தந்த எகிராவா பேரினம் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழ்கிறது.

உடலமைப்பு

உடல் மெலிந்தும் ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியதாகவும் இருக்கும். பக்கவாட்டில் வெள்ளி நிறப் பட்டை ஒன்று செல்கிறது. எர்ரிங் மீன்கள் பலவற்றின் வயிற்றில் காணப்படும் கூரிய செதில் விளிம்பு இதற்கு இல்லை, வயிறு உருண்டது. பெரும்பாலானவை 10 செ.மீ. நீளத்தை எட்டுவதில்லை.

வாழிடம்

தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கடற்கரை முதல் மொசாம்பிக்கின் தென்பகுதி வரை இவை பரவியுள்ளன. நன்னீர் முதல் கடல்நீரைவிட உவர்ப்பு மிகுந்த நீர் வரை தாங்கக்கூடியவை. அந்நாட்டின் பல கழிமுகங்களை ஆண்டின் ஒரு பகுதியில் மணல்திட்டு அடைத்துவிடுகிறது. இனப்பெருக்கத்துக்குக் கடலை நாட வேண்டியதில்லை என்பதால், முகத்துவாரம் அடைபட்ட காலத்திலும் இம்மீன் பெருகுகிறது. கடலிலிருந்து முற்றிலும் பிரிந்துவிட்ட சிபாயா ஏரியிலும் இது வாழ்கிறது.

உணவும் இனப்பெருக்கமும்

துடுப்புக்காலிகள் போன்ற விலங்கு மிதவைவாழிகளே முதன்மை உணவு. இவற்றை ஒவ்வொன்றாகக் கவ்வியும், நீரைச் செவுள் முட்களால் வடிகட்டியும் உண்ணும். ஓராண்டுக்குள் முதிர்ச்சி அடைகிறது. முட்டையிடுதல் இளவேனிலிலும் கோடையிலும் மிகுதி. குடம்பிகள் பெரும்பாலும் கழிமுகத்தின் மேற்பகுதியில் காணப்படும்.

சூழலியல் முக்கியத்துவம்

கூட்டமாகத் திரியும் இம்மீன்களைக் கத்தாளை, பாரை இனப் பெருமீன்களும் நீர்க்காகம், ஆலா போன்ற பறவைகளும் உண்கின்றன. இவ்வாறு நுண்ணுயிர்களின் ஆற்றல் பெரிய உயிரினங்களைச் சென்றடைய இது பாலமாக உள்ளது.

ஆற்றுநீரும் எதிர்காலமும்

ஆறு கொண்டுவரும் ஊட்டப்பொருள்களால் தாவர மிதவைவாழிகள் வளர்கின்றன. அவற்றை உண்டு விலங்கு மிதவைவாழிகள் பெருகுகின்றன. அவையே இம்மீனின் உணவு. அணைகளால் நன்னீர் வரத்துக் குன்றிய கரிகா கழிமுகத்தில் மிதவைவாழிகள் குறைவு. மாறாக, கிரேட் ஃபிஷ் ஆற்றுக்கு 1975 முதல் ஆரஞ்சு ஆற்று நீர் 82 கி.மீ.க்கும் நீளமான சுரங்கக் கால்வாய் வழியே வருகிறது. அதன் கழிமுகத்தில் அவை மிகுதி.

எனினும் ஊட்டம் அளவு கடந்தாலும் தீங்கே. சண்டேஸ் ஆற்றில் வேளாண் நிலங்களின் உரக் கழிவு கலப்பதால் நச்சுப் பாசிகள் பெருகுகின்றன. அவை மடியும்போது நீரில் ஆக்சிசன் குறைந்து குடம்பிகள் பாதிக்கப்படுகின்றன. வேறிடம் செல்லாத மீன் என்பதால், ஒரு கழிமுகத்தின் நலம் கெடும்போது அதன் விளைவு இதன் எல்லாப் பருவங்களையும் தாக்குகிறது.