கடன் வசூலும் கடன்பட்டோர் உரிமைகளும்

கடன்பட்டோர் உரிமைகள் என்பன, வங்கியிடமோ நிதி ஸ்தாபனத்திடமோ லேவாதேவிக்காரரிடமோ பணம் பெற்றுத் தவணை தவறிய ஒருவரிடமிருந்து அதைத் திரும்பப் பெறும் பொருட்டு, கடன் கொடுத்தவரும் அவர் அனுப்பும் வசூல் முகவரும் எவ்வளவு தூரம் செல்லலாம், எவ்விடத்தில் நின்றுவிட வேண்டும் என்பதை வரையறுக்கும் விதிகளாகும். இந்தியாவில் இவ்விதிகள் ஒரே சட்டத்தில் அடங்கியிருக்கவில்லை; 1908-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம் தொடங்கி ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைகள் ஈறாகப் பல இடங்களில் சிதறிக் கிடப்பதனால், உரிமையை உடையவரே அதை அறியாதிருக்கும் விபரீதம் நம்மிடையே சகஜமாக இருக்கிறது.

இவ்வுரிமைகளுக்கெல்லாம் மூலமாயிருப்பது, கடன் என்பது சிவில் விவகாரம், குற்றமன்று என்னும் கொள்கையாகும். கொடுத்தவருக்குப் பணத்தின் மீது பாத்தியதை உண்டேயன்றி, வாங்கியவருடைய சரீரத்தின் மீதோ மானத்தின் மீதோ யாதொரு பாத்தியதையும் இல்லை. கொச்சி வங்கிக்கும் அதன் கடனாளிகளுக்கும் இடையே நடந்த வழக்கில் 1980-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பை எழுதிய நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், கையில் பொருளிருந்தும் கெட்ட எண்ணத்தால் கொடுக்க மறுப்பவனை ஒருபுறமும், கொடுக்க வழியற்று நிற்பவனை மறுபுறமும் வேறு பிரித்து, பின்னவனை வறுமையின் காரணமாகச் சிறையிலிடுவது அரசியல் சட்டத்தின் 21-ஆம் விதிக்கு முரணாகும் என்று நிலைநாட்டினார். ஆகவே, தவணை கட்டாவிட்டால் போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போகும் என்று தொலைபேசியில் உரைக்கும் முகவர், சட்டத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லி அச்சுறுத்துகிறார் என்றே கொள்ளவேண்டும். ஆயினும் இதற்கு முக்கியமான விலக்கொன்று உண்டு. கடனுக்கென்று கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 1989 முதல் அமலிலுள்ள 138-ஆம் பிரிவின்படி அது குற்றமாகும். நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களுக்குள் பணத்தைச் செலுத்திவிட்டால் வழக்குக்கு இடமில்லை. வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் தானே பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டில் பணம் போதாமற் போவதற்கும் 2007-ஆம் ஆண்டுச் சட்டமொன்று இத்தகைய தண்டனையையே விதித்திருக்கிறது.

நீதிமன்றத்தில் வழக்காடி டிக்ரி பெற்ற பின்னருங்கூடச் சட்டம் கடன் கொடுத்தவரின் கையை முழுதும் அவிழ்த்துவிடுவதில்லை. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, உடுக்கும் துணி, சமையல் பாத்திரங்கள், பாய் படுக்கை, தொழிலாளியின் கருவிகள், உழவனின் ஏர் மாடு, விதைத் தானியம் முதலியவற்றையும், சமய ஆசாரத்தின்படி ஒரு பெண் கழற்றலாகாத ஆபரணங்களையும் ஜப்தி செய்யலாகாதென்று விலக்கி வைத்திருக்கிறது. சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயும், மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கும் தொடப்படா. சூரியன் அஸ்தமித்த பின்னும் உதயமாகும் முன்னும் குடியிருக்கும் வீட்டினுள் ஜப்திக்காக நீதிமன்ற அமீனா நுழையலாகாது. பணத்துக்கான டிக்ரியின் பேரில் எந்தப் பெண்ணையும் கைது செய்ய இயலாது. ஆடவரைச் சிவில் சிறையில் அடைத்தாலும் மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதோடு, அடைபட்டவனின் சாப்பாட்டுக்குரிய படியை, அவனை அடைப்பித்த கடன் கொடுத்தவரே முன்னதாகக் கட்டவேண்டும் என்னும் விசித்திரமான நியாயமும் அச்சட்டத்தில் இருக்கிறது. நீதிமன்றத்தின் முத்திரையோடு வரும் அமீனாவுக்கே இத்தனை கட்டுப்பாடுகள் இருக்க, எந்த முத்திரையுமின்றி மோட்டார் சைக்கிளில் வந்திறங்கும் வசூல்காரரைக் கண்டு ஜனங்கள் அதிகமாக நடுங்குவது, அறியாமையினால் விளைந்ததேயன்றி அதிகாரத்தினால் விளைந்ததன்று.

தமிழ் நாட்டு ஊர்களில் முற்காலத்தில் வட்டிக்குக் கொடுத்த பணத்தைக் கேட்டு ஈட்டிக்காரர் வாசலில் வந்து நின்ற காட்சியை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். அவரிடத்தை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வங்கிகள் கூலிக்கு அமர்த்திய முகவர்கள் பிடித்துக்கொண்டனர். தவணை தவறிய வாகனங்களைத் தடியாட்களை விட்டுப் பறித்து வரும் வழக்கத்தை, ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி சம்பந்தப்பட்ட பிரகாஷ் கௌர் வழக்கில் 2007-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வன்மையாகக் கண்டித்து, வசூலும் பறிமுதலும் சட்ட வழியிலன்றி வேறு வழியில் நடைபெறலாகாதென்றது. மறு ஆண்டில் ரிசர்வ் வங்கி விரிவான விதிகளை வெளியிட்டது. அவற்றின்படி, எந்த முகவர் வருவார் என்பதை வங்கி கடனாளிக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும்; வருபவர் அடையாள அட்டையும் அதிகாரக் கடிதமும் கொண்டுவர வேண்டும்; கடனாளி கொடுத்த புகார் தீராமல் நிலுவையில் இருக்கையில், அது வீண் புகாரென்று வங்கிக்குத் தக்க ஆதாரத்துடன் தோன்றினாலொழிய, அக்கடனை முகவரிடம் ஒப்படைக்கலாகாது. முகவர் செய்யும் அக்கிரமத்துக்கு வங்கியே பொறுப்பாளி. "அவர் எங்கள் ஆள் அல்லர்" என்று கைகழுவ முடியாது. 2022 ஆகஸ்டில் வந்த சுற்றறிக்கை, காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைப்பதையும், பலர் முன்னிலையில் அவமானப்படுத்துவதையும், உறவினர் நண்பர்களின் அந்தரங்கத்தில் தலையிடுவதையும், பெயர் சொல்லாமல் அழைப்பதையும், மிரட்டும் செய்திகள் அனுப்புவதையும் விலக்கியது. மகளிர் குழுக்களுக்குச் சிறுகடன் கொடுக்கும் ஸ்தாபனங்களுக்கு இக்கட்டுப்பாடு இன்னும் இறுக்கமானது: நேரம் காலை 9 முதல் மாலை 6 வரையே, வசூல் நடைபெறுவது இருதரப்பும் ஒப்பிய இடத்திலே, கடன் பெற்றவர் அவ்விடத்துக்குத் தொடர்ந்து இருமுறையேனும் வராதிருந்தால்தான் வீட்டுக்கோ வேலை செய்யுமிடத்துக்கோ போகலாம். இருட்டிய பின்னும் வாசற்படியில் உட்கார்ந்து, பணம் வந்தாலன்றி நகரேன் என்று குழுவின் மற்றப் பெண்களையும் கூட்டி வைத்துக்கொள்ளும் உபாயம் இவ்விதிகளுக்கு நேர் விரோதமாகும்.

வங்கி வட்டத்துக்கு வெளியே நடைபெறும் கொடுக்கல் வாங்கலில் உபத்திரவம் இன்னும் கொடியது. இதற்குப் பரிகாரம் தேடும் முயற்சி தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. ராஜாஜியின் மந்திரிசபை 1938-இல் இயற்றிய விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், அசலும் வட்டியுமாக அசலைப்போல் இருமடங்கு செலுத்திவிட்ட விவசாயியின் கடன் தீர்ந்ததாகவே கருதப்படும் என்றது. தமிழ்நாடு அரசின் 2003-ஆம் ஆண்டு அதீத வட்டித் தடைச் சட்டம், நாள் வட்டி, மணி வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று கடைவீதியில் வழங்கும் பெயர்களையே சட்டத்தின் வாசகத்தில் ஏற்றி, அவ்வட்டி வாங்குவோருக்கும், வசூலுக்காகத் துன்புறுத்துவோருக்கும் மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் விதித்தது. கடனாளி தாம் கொடுக்கவேண்டிய நியாயமான தொகையை நீதிமன்றத்திலேயே கட்டிவிடவும் அதில் வழியுண்டு. சட்டம் இருந்தும் அது நடைமுறையில் எவ்வளவு தூரம் எட்டியது என்பது வேறு விஷயம். 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், மனுக்கள் கொடுத்தும் பயன் காணாத ஒரு குடும்பத்தார் தீக்குளித்து மாண்டதை இங்கே குறிப்பிடாமல் விடலாகாது. பலவந்த வசூலைத் தடுக்க 2025-இல் தமிழகத்தில் மேலும் ஒரு சட்டம் இயற்றப்பட்டது.

வீட்டையோ மனையையோ ஈடுகாட்டிப் பெற்ற கடனில் நிலைமை மாறுபடும். 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம், நீதிமன்றத்தில் வழக்குத் தொடராமலே ஈட்டுச் சொத்தைக் கைப்பற்றும் அதிகாரத்தை வங்கிக்கு அளித்திருப்பதால், கடனாளி அசட்டையாக இருப்பதற்கில்லை. ஆனால் அங்கும் 60 நாள் கெடுவுடன் நோட்டீஸ் வேண்டும். அதற்கு எழுதிய ஆட்சேபத்துக்கு 15 நாட்களுக்குள் காரணம் காட்டிப் பதில் தரவேண்டும். சுவாதீனம் எடுத்த பிறகு 45 நாட்களுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தை அணுகலாம். விவசாய நிலத்தை இச்சட்டத்தின் கீழ்த் தொட முடியாது.

கடனாளியின் மனைவி, மக்கள், பெற்றோர் ஆகியோர் ஜாமீன் கையொப்பம் இட்டிருந்தாலன்றிக் கடனுக்குச் சொந்தமாகப் பொறுப்பாகார். கடனாளி இறந்துபோனால், வாரிசுகள் அவர் விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்கே பொறுப்பு. தந்தையின் கடனைத் தீர்ப்பது மைந்தனின் தர்மம் என்ற பழைய இந்து தர்மசாஸ்திரக் கொள்கையின் பேரில் மட்டும் மகன் மீது வழக்கிடும் உரிமையை, 2005-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தம், அதற்குப் பின் ஏற்பட்ட கடன்களைப் பொறுத்தவரை நீக்கிவிட்டது. ஈடில்லாத கடனுக்கு வழக்கிடும் காலவரம்பு பொதுவாக மூன்றாண்டு. அக்காலம் கழியுமுன் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையொப்பமிட்டாலும், எழுத்தில் பதிவாகும்படி சிறு தொகை செலுத்தினாலும் கெடு புதிதாகத் தொடங்கும். ஏதேனும் நூறு ரூபாயாவது கட்டுங்கள் என்று முகவர் கெஞ்சுவதன் அந்தரங்கம் சில சமயம் இதுவாகவும் இருக்கும்.

செல்போன் செயலி வழியே நொடியில் கிடைக்கும் கடன் வேறொரு கேட்டைக் கொண்டுவந்தது. அச்செயலிகள் தொலைபேசியிலுள்ள பெயர்ப் பட்டியலையும் படங்களையும் கவர்ந்துகொண்டு, உருமாற்றிய ஆபாசப் படங்களை உறவினருக்கு அனுப்பி மிரட்டின. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் அழைப்புப் பதிவுகளையும் படக் கோப்புகளையும் தொடலாகாதென்று விதித்தது. பதிவே இல்லாத போலிச் செயலியை இவ்விதி கட்டுப்படுத்தாது. அதற்கு 1930 என்னும் சைபர் குற்ற உதவி எண்ணும் காவல் நிலையமுமே புகலிடம்.

உபத்திரவத்துக்கு உள்ளானவர் முதலில் வங்கிக்கே எழுத்து மூலம் புகார் கொடுத்து, நாளும் நேரமும் குறித்த விவரங்களையும், வந்த செய்திகளையும் அழைப்புப் பதிவுகளையும் பத்திரப்படுத்திக்கொள்ள வேண்டும். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணமின்றி விண்ணப்பிக்கலாம். நுகர்வோர் ஆணையத்தை நாடும் வழியும் உண்டு. அடிதடி, மிரட்டல், வீடு புகுதல் ஆகியன நேர்ந்தால் அவை தனிக் குற்றங்களாதலின் காவல் துறையிடமே போகவேண்டும். இப்புகார்கள் எவையும் கடனைத் தள்ளுபடி செய்வதில்லை. முகவர் செய்த குற்றத்தால் அசலும் நியாயமான வட்டியும் மறைந்துவிடா. ஒரு தொகைக்குச் சமாதானம் ஏற்பட்டால் அதை முகவரின் வாய்ச்சொல்லாக விடாமல், வங்கியின் கடிதமாகப் பெற்ற பின்னரே பணத்தை வங்கிக் கணக்கில் நேரே செலுத்தி ரசீது வாங்கவேண்டும். கடன் முழுதும் தீர்ந்ததும் ஈடாக வைத்த சொத்துப் பத்திரங்களை 30 நாட்களுக்குள் திருப்பித் தரவேண்டும் என்பதும், வங்கியின் காரணத்தால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்கவேண்டும் என்பதும் 2023 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்த விதியாகும்.