ஐந்து முகம், ஒரே ஆள்

வேம்பார்க்காரன், அதுவும் பி.காம். படிப்பவன், உனக்கு முழவு எதற்கு என்று கேட்காதீர்கள் நண்பர்களே. எங்கள் ஊர் சர்ச் திருவிழாவில் பேண்டு செட்டின் பெரிய டிரம் முழங்கினால் நெஞ்சே அதிரும். அங்கே பிடித்த பைத்தியம் இது!

மேல்நாட்டு இசைக்குழுவின் டிம்பனி, தோல் போர்த்திய செம்புக் குடம். துருக்கியர் குதிரைமேல் கட்டி அடித்த முரசுதான் ஐரோப்பாவுக்குப் போய் அப்படி ஆனது. ஒரு குடத்துக்கு ஒரு முகம். வேறு சுருதி வேண்டுமானால் தோலை இறுக்க வேண்டும், இல்லை இன்னொரு குடம் வேண்டும். 1837இல் அரங்கேறிய பெர்லியோஸின் ரெக்வியத்துக்கு 16 டிம்பனி, அடிக்க 10 பேர்! (சம்பளக் கணக்கு போட்டுப் பார்த்தேன், தலை சுற்றியது.)

நம் திருவாரூர் தியாகராஜர் கோயிலின் பஞ்சமுக வாத்தியம் வேறு கணக்கு. இதுவும் உலோகக் குடம்தான், ஆனால் வாய் ஐந்து. நடுவில் பெரிதாக ஒன்று, சுற்றி நான்கு. சிவனின் ஐந்து முகங்களாம். தேவாரம் சொல்லும் குடமுழா இந்த வகைதான். குச்சி கிடையாது, வெறும் கை. முகத்துக்கு முகம் நாதம் மாறும்; ஐந்துக்கும் ஒரே ஆள்.

வாசிப்பவர்களுக்கு முட்டுக்காரர் என்று பெயர். டிம்பனியை இசைக்கல்லூரியில் சேர்ந்து படிக்கலாம். இது பரம்பரையாக வருவது. அப்பா கையைப் பார்த்து மகன் கற்க வேண்டும். அந்த மகன் என்னைப் போல பி.காம். சேர்ந்துவிட்டால்?