மருமக்கள் வழியும் ஐந்தாம் மனைவியும்

நாஞ்சில் நாட்டு வேளாளரில் பெரும் பிரிவினர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மருமக்கள் வழியினராகவே இருந்தனர். குடும்பத் தலைவரான காரணவர் கண்ணை மூடினால் வயலும் வீடும் அவருடைய சகோதரியின் மக்களைச் சேரும். பெற்ற பிள்ளைகளுக்கும் மனைவிக்கும் ‘உகந்துடைமை’ என்ற சிறு பங்குதான். நிலம் துண்டுபடாது, தறவாடு என்ற கூட்டுக் குடும்பம் நிலைக்கும், முன்னோர் வகுத்தது நன்மைக்கே என்பது இந்த முறையை ஆதரித்தவர்களின் வாதம்.

‘உள்ளதெல்லாம் நன்மைக்கே’ என்ற எண்ணம் ஐரோப்பாவில் ஒரு தத்துவமாகவே வளர்ந்திருந்தது. கடவுள் படைக்கக்கூடிய உலகங்களில் இதுவே மிகச் சிறந்தது என்று ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் 1710-இல் எழுதினார். 1755 நவம்பர் 1 அன்று, புனிதர்கள் திருநாளில், நிலநடுக்கமும் கடல் சீற்றமும் தீயும் லிஸ்பன் நகரை அழித்தன, அந்த நம்பிக்கையையும் உலுக்கின. 1759-இல் வால்டேர் ‘கான்டீட்’ என்ற அங்கதக் கதையை வெளியிட்டார். அதில் அவர் லைப்னிட்ஸோடு தர்க்கம் செய்யவில்லை. அந்தத் தத்துவத்தை நம்பிய ஓர் இளைஞனைப் போர், கசையடி, நிலநடுக்கம் என்று ஒவ்வொன்றின் ஊடாகவும் நடக்க விட்டார்.

நாஞ்சில் நாட்டில் அத்தகைய சோதனையைச் செய்தவர், 1876-இல் தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை. அவருடைய ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ 1917–18-இல் ‘தமிழன்’ இதழில் தொடராக வந்தது. வால்டேருக்கும் அதற்கும் தொடர்பு தேட வேண்டியதில்லை. கவிமணி எடுத்துக்கொண்டது தலபுராணத்தின் அமைப்பை. ஒரு தலத்தின் பெருமையைப் படலம் படலமாகப் பாடும் வடிவத்தில் ஒரு குடும்பத்தின் சீரழிவைச் சொன்னார். ‘மாமி அரசியற் படலம்’, ‘கும்பியெரிச்சற் படலம்’ என்று தலைப்புகளிலேயே அங்கதம் தொடங்கிவிடுகிறது.

கதையைச் சொல்பவள் ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி. மாமியின் ஆட்சி, நாத்தியின் ஏச்சு, வயிற்றுப் பசி, பிள்ளைகளின் கதி என்று அவள் பட்டதையெல்லாம் வரிசையாகச் சொல்கிறாள். இங்கே கவனிக்க வேண்டியது, கொடுமைக்கு மாமியின் குணம் மட்டும் காரணமாகக் காட்டப்படவில்லை என்பது. அந்தத் தறவாட்டில் மருமகளும் அவள் பிள்ளைகளும் அந்நியர். மகளும் மகள் பிள்ளைகளுமே உரிமைக்காரர். அந்த ஏற்பாடு இருக்கும்வரை, நல்ல மாமி வாய்த்தாலும் மருமகளின் நிலை உறுதிப்படாது. ஒரு படலத்தின் பெயர் ‘கோடேறிக் குடிமுடித்த படலம்’. கோர்ட்டை ‘கோடு’ என்பது நாஞ்சில் பேச்சு. சொத்தைச் சிதறாமல் காப்பதாகச் சொல்லப்பட்ட முறை, வழக்கிலேயே சொத்தைத் தின்று தீர்க்கிறது.

‘கான்டீட்’டின் மாந்தர் எத்தனை அடிபட்டாலும் எழுந்து நடக்கும் பொம்மைகளைப் போன்றவர்கள், அதனால் படிப்பவருக்குச் சிரிப்பு நிற்பதில்லை. மான்மியத்தில் துன்பப்படுபவளே பேசுகிறாள். சிரித்துக்கொண்டே படிப்பவர் பல இடங்களில் சிரிக்க முடியாமல் நின்றுவிடுகிறார். அங்கதமாக அதன் வலிமை அங்கேதான் இருக்கிறது.

மருமக்கள் வழிக்கு எதிரான கிளர்ச்சிக்கு இந்நூல் பெருந்துணையாக இருந்தது. கொல்லம் ஆண்டு 1101-இல், அதாவது 1926-இல், திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தை இயற்றியது. தகப்பன் தானே சம்பாதித்த சொத்தில் மனைவி மக்களுக்கு உரிமை வந்தது. தறவாட்டுச் சொத்தைப் பங்கு பிரிக்கவும் வழி பிறந்தது.